புழுக்கையை எண்ணுங்கள்: ஆபரேஷன் முடிந்து வந்த முயலின் வலியைக் கவனிப்பது எப்படி?

கருத்தடை ஆபரேஷன் முடிந்து எங்கள் சுண்டுவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று இரவு, அவள் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முனகல் இல்லை, துடிப்பு இல்லை. "களைச்சுப் போயிருக்கு, தூங்கட்டும் விடு" என்றார் அம்மா. நானும் விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் வைத்த கொத்தமல்லி வைத்தபடியே வாடிக் கிடந்தது. தட்டில் ஒரு புழுக்கைகூட இல்லை. இரவு முழுக்க அவள் வலியோடு விழித்திருந்திருக்கிறாள் என்பது மருத்துவர் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. ஊசி போட்டு, இரண்டு நாள் சிரிஞ்சில் ஊட்டி மீட்டோம்.

முதன்முறையாக முயலுக்கு ஆபரேஷன் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெண் முயலின் கருத்தடையை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். ஆண் முயலின் விதைநீக்கம், பல் சிகிச்சை, சீழ்க்கட்டி எடுப்பது என்று எதுவானாலும் வலியைக் கவனிக்கும் முறை ஏறக்குறைய இதேதான். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருந்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் மருத்துவர். இங்கே வரும் எண்கள் அவர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்காக, புரியாவிட்டால் திருப்பிக் கேட்பதற்காக.

வலிக்கும் வயிற்றுக்கும் உள்ள தொடர்பு

நாய்க்கு வலித்தால் ஊரைக் கூட்டும். முயல் கூட்டாது. நரி, காட்டுப்பூனை, கழுகு என்று பார்க்கிறவர்களெல்லாம் தின்ன நினைக்கும் பிராணி அது. நொண்டினால், கத்தினால், முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் வலியை மறைப்பது அதன் உடம்பிலேயே ஊறிப்போயிருக்கிறது. வீட்டுக்குள் சோபாவுக்கடியில் வாழும் முயலுக்கும் இதே பழக்கம்தான்.

மறைத்தால் மறைத்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. முயலின் குடல் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இயந்திரம். நார்ச்சத்துள்ள புல் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் அது ஓடும். வலி வந்தால் முயல் தின்னாது. வலியும் பயமுமே நேரடியாகக் குடல் அசைவைக் குறைக்கவும் செய்யும். குடல் நின்றால் உள்ளே இருப்பது காய்ந்து இறுகும், வாயு சேரும், வாயு வயிற்றை உப்பவைத்துப் புதிதாக வலிக்கவைக்கும், இன்னும் தின்னாது. ஓரிரு நாள் இப்படிப் போனால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ப் படியும். ஆபரேஷன் நன்றாக முடிந்த முயல்களும் அதற்கடுத்த நாள்களில் இப்படித்தான் கைநழுவிப் போகின்றன. ஆகவே முயலுக்கு வலிமருந்து கொடுப்பது செல்லம் கொஞ்சும் வேலை என்று நினைக்காதீர்கள். குடலை ஓடவைக்கும் மருந்துகளில் முதலாவது அது.

ஆபரேஷனுக்கு முந்தைய வாரம்

முதல் வேலை, மருத்துவரிடம் பேசுவது. நம் ஊரில் முயல் என்றாலே பண்ணை நினைவுதான். கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் நீலகிரியில் சாந்திநல்லாவிலும் அரசு ஆய்வு நிலையங்களில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களைப் பல ஆண்டுகளாக வளர்க்கிறார்கள். ஆனால் அந்த அறிவு வளர்ப்பு, தீவனம், குட்டி ஈனல் பற்றியது. இரண்டு கிலோ வீட்டு முயலை மயக்கி வயிற்றைத் திறந்து மூடும் அனுபவம் தெருமுனை கிளினிக்கில் எல்லோருக்கும் இருக்காது. அது அவர்கள் குற்றமும் இல்லை, நாய் பூனைதான் அங்கே அதிகம் வருகிறது. "இதுவரை எத்தனை முயலுக்குச் செய்திருக்கிறீர்கள்? வலிக்கு என்ன கொடுப்பீர்கள்? வீட்டுக்கு எத்தனை நாளுக்கு மருந்து தருவீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற இடங்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவில் விசாரிக்கலாம். வேப்பேரிக் கல்லூரி 1903இலிருந்து இருக்கிறது.

இரண்டாவது, பட்டினி. முன்பதிவு செய்யும்போது "முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் தரக் கூடாது" என்று சொல்வார்கள். நாய்க்கும் பூனைக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. அதனால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும் என்ற பயம் முயல் விஷயத்தில் இல்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி போட்டால் குடல் ஆபரேஷனுக்கு முன்பே மந்தமாகிவிடும். மயக்கம் கொடுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வரை புல் தின்னவிடுவதுதான் முயல் மருத்துவத்தில் வழக்கம். வரவேற்பறையில் சொன்னதோடு விட்டுவிடாமல் மருத்துவரிடமே நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவதாக வீட்டில் நான்கைந்து வேலைகள். சமையலறைத் தராசிலோ கடைத் தராசிலோ முயலை எடைபோட்டு எழுதிவையுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை புழுக்கை போடுகிறது என்று குத்துமதிப்பாக எண்ணுங்கள். ஆரோக்கியமான முயல் நாளுக்கு 200, 300 என்று சர்வசாதாரணமாகப் போடும். ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவில் உருண்டையாக, உடைத்தால் புல்தூளாக இருக்கும். சிரிக்காதீர்கள், ஆபரேஷனுக்குப் பிறகு உங்களிடம் இருக்கப்போகும் ஒரே மீட்டர் இதுதான். அப்புறம், முயல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும்போது அதன் முகத்தைப் பக்கவாட்டிலிருந்து இரண்டு மூன்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மருந்துக்கடையில் ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்சு நான்கும் 5 அல்லது 10 மில்லி சிரிஞ்சு நான்கும் வாங்குங்கள். ஆபரேஷனுக்கு முன்பே தினமும் ஒரு தடவை, சிரிஞ்சில் ஒரு சொட்டு வாழைப்பழக் கூழோ ஆப்பிள் சாறோ தொட்டு நக்கப் பழக்குங்கள். சிரிஞ்சைப் பார்த்தால் ஓடிவரும் முயலுக்கு மருந்து கொடுப்பதும், சிரிஞ்சைப் பார்த்தால் சோபாவுக்கடியில் பதுங்கும் முயலுக்கு மருந்து கொடுப்பதும் ஒன்றல்ல. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டி வரும் முன் நான்கு கேள்விகள்

மாலையில் முயலைக் கையில் வாங்கும் அவசரத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடுவோம். ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இன்று என்னென்ன வலி ஊசி போட்டீர்கள்? எத்தனை மணிக்குப் போட்டீர்கள்? எத்தனை மணி நேரம் தாங்கும்? வீட்டில் முதல் வேளை மருந்து எத்தனை மணிக்கு?

மூன்றாவது கேள்விதான் முக்கியம். பியூட்டார்ஃபனால் போட்டிருந்தால் அதன் வலி நிவாரணம் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். புப்ரினார்ஃபின் ஏறக்குறைய 6 முதல் 12 மணி நேரம் தாங்கும். மெலாக்சிகாம் ஊசி ஒரு நாள் கணக்கு. கீறும் இடத்தில் லிக்னோகைன், புபிவகைன் போன்ற மரப்பு மருந்தும் சிலர் போடுவார்கள், அதுவும் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மதியம் 12 மணிக்குப் போட்ட பியூட்டார்ஃபனாலை நம்பி மறுநாள் காலை வரை இருந்தால், நடுவில் ராத்திரி முழுக்க முயலுக்கு ஒன்றுமே இல்லை. சுண்டுவுக்கு நடந்தது அதுதான். யாரும் தப்பாக எதுவும் செய்யவில்லை. நான் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பியூட்டார்ஃபனால், புப்ரினார்ஃபின் போன்ற ஒபியாய்டு (அபின்) வகை மருந்து குடலை மந்தமாக்குமே என்று சிலர் தயங்குவார்கள். கொஞ்சம் மந்தமாக்கும், உண்மை. அடக்காமல் விட்ட வலி அதைவிட அதிகம் மந்தமாக்கும்.

முடிந்தால் காலை நேரத்து ஆபரேஷனாகக் கேளுங்கள். முயல் மயக்கம் தெளிந்து எதையாவது கொறித்ததைப் பார்த்த பிறகு வீட்டுக்குக் கூட்டி வருவது நல்லது.

வீட்டில் முதல் இரவு

சின்ன இடமாகப் போதும். தாவ முடியாத அளவு குறுகலாக, திரும்பிப் படுக்கப் போதுமான அளவு அகலமாக. தரையில் துவைத்த பழைய துண்டோ காட்டன் புடவையோ மடித்துப் போடுங்கள். மரத்தூள், கடலைத்தோல், உமி எதுவும் வேண்டாம், தையலில் ஒட்டும். மலத்தட்டின் விளிம்பு உயரமாக இருந்தால் அதைத் தாண்டும்போது வயிறு இழுபடும். அதனால் இரண்டு நாளைக்குத் தாழ்வான டிரே ஒன்றில் செய்தித்தாள் விரித்து வையுங்கள். தண்ணீரைப் பாட்டிலில் தராமல் கனமான கிண்ணத்தில் வையுங்கள். கழுத்தைத் தூக்கி உறிஞ்சுவதைவிடக் குனிந்து குடிப்பது சுலபம்.

மயக்க மருந்து உடம்புச் சூட்டைக் குறைக்கும். முயலின் இயல்பான சூடு 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது நமக்குக் காய்ச்சல் என்று தோன்றும் சூடு. காதைத் தொட்டுப் பாருங்கள். பனிக்கட்டி போல் இருந்தால், வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் நன்றாகச் சுற்றி ஒரு பக்கமாக வையுங்கள். சூடு பிடிக்காவிட்டால் முயல் நகர்ந்துபோக மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். இதைச் சித்திரை வெயிலில் படிக்கிறவர்கள் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். முயலுக்கு 30 டிகிரியைத் தாண்டிய அறைச் சூடே கஷ்டம். மயக்கம் தெளிந்து காது வெதுவெதுப்பானதும் பாட்டிலை எடுத்துவிட்டு, மின்விசிறியை நேராக அடிக்காமல் மெல்ல ஓடவிடுங்கள். முடிந்தவர்கள் ஆபரேஷனை மார்கழி, தை என்று தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

ஜோடி முயல் இருந்தால், சண்டை போடாது, மேலே ஏறாது என்று தெரிந்தால், பக்கத்திலேயே விடுங்கள். தனியாகப் பிரித்து மருத்துவமனை வாசனையோடு திரும்பக் கொண்டுவந்தால் பழைய கூட்டாளியையே சில முயல்கள் விரட்டும். துணை இருக்கும் முயல் சீக்கிரம் தின்ன ஆரம்பிப்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரே கஷ்டம், புழுக்கை யாருடையது என்று தெரியாது. முதல் நாள் இரவு மட்டும் கம்பித் தடுப்பு வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் படுக்கவையுங்கள்.

மருந்து: கடிகாரத்தைப் பாருங்கள், முயலைப் பார்க்காதீர்கள்

வலி தெரிந்தால் கொடுப்போம் என்று காத்திருக்காதீர்கள். தெரியும் அளவுக்கு வலி வந்துவிட்டதென்றால் முயல் ஏற்கனவே சாப்பாட்டை நிறுத்தியிருக்கும். முதல் 24 முதல் 48 மணி நேரம்தான் வலி உச்சத்தில் இருக்கும். மருத்துவர் எழுதிக்கொடுத்த நேரத்துக்கு, எழுதிக்கொடுத்த நாள்கள் முழுக்க, முயல் துள்ளிக் குதித்தாலும் கொடுங்கள். பெண் முயலின் கருத்தடைக்குப் பொதுவாக 3 முதல் 5 நாள், ஆண் முயலுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு.

வீட்டுக்குத் தருவது பெரும்பாலும் மெலாக்சிகாம் திரவமாகத்தான் இருக்கும். இதில் இரண்டு குழி இருக்கிறது. முதலாவது, அளவு. நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 0.1, 0.2 மில்லிகிராம் என்றுதான் கொடுப்பார்கள். முயலின் உடம்பு இந்த மருந்தை வேகமாக வெளியேற்றிவிடும் என்பதால், முயல் மருத்துவத்தில் கிலோவுக்கு 0.5 முதல் 1 மில்லிகிராம் வரை கொடுப்பது இப்போது வழக்கம். நாய் அட்டவணையைப் பார்த்து எழுதினால் முயலுக்கு அது போதவே போதாது. நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். "இது முயலுக்கான அளவுதானா டாக்டர்?" என்று கேளுங்கள், போதும்.

இரண்டாவது குழி, அடர்த்தி. ஒரு மில்லியில் 1.5 மில்லிகிராம் மருந்துள்ள திரவம் உண்டு, 0.5 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. பாட்டில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். உதாரணத்துக்கு, 1.8 கிலோ முயலுக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் என்று மருத்துவர் முடிவு செய்தால் மொத்தம் 1.08 மில்லிகிராம். 1.5 பாட்டிலில் அது ஏறக்குறைய 0.7 மில்லி, 0.5 பாட்டிலில் 2 மில்லிக்கும் மேல். பாட்டிலை மாற்றி எடுத்தால் மூன்று மடங்கு கூடும் அல்லது மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதனால் "எத்தனை மில்லிகிராம், எந்தப் பாட்டிலில் எத்தனை மில்லி" என்று இரண்டையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். சிரிஞ்சில் அந்தக் கோட்டில் பேனாவால் குறி போட்டு வைத்தால் வீட்டில் வேறு யாராவது கொடுக்கும்போதும் தப்பாகாது. பாட்டிலைக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும், மருந்து அடியில் படியும்.

கொடுத்த வேளை துப்பிவிட்டதா? எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாமல் மறுபடி முழு அளவு கொடுக்காதீர்கள். போன் செய்து கேளுங்கள். தண்ணீரே குடிக்காமல் உடம்பு வற்றிப்போன முயலுக்கு மெலாக்சிகாம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால்தான் மருத்துவர் சில சமயம் தோலுக்கடியில் சலைன் ஏற்றிவிட்டு மருந்தைத் தொடரச் சொல்வார்.

வீட்டு அலமாரியில் இருக்கும் மனித மாத்திரையை உடைத்துக் கொடுக்கும் ஆசை வரவே வேண்டாம். மனிதர்களுக்கான மெலாக்சிகாம் மாத்திரையே 7.5, 15 மில்லிகிராம் என்றுதான் வரும். இரண்டு கிலோ பிராணிக்கு அதில் பாதி கொடுத்தாலும் அதிகம். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் இரண்டையும் மறந்துவிடுங்கள். டைக்ளோஃபெனாக்கைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதை இந்தியா 2006இல் தடை செய்தது. அந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்ததால் வந்த தடை அது. டைக்ளோஃபெனாக்குக்கு மாற்றாகப் பாதுகாப்பானது என்று முன்வைக்கப்பட்டது நம் மெலாக்சிகாம்.

ஆன்டிபயாட்டிக் தந்தால் அதன் பெயரையும் படியுங்கள். அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகியவற்றை முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலிலுள்ள நல்ல கிருமிகள் செத்து, நச்சுக்கிருமிகள் பெருகி, உயிரே போகலாம். சீட்டில் இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தால் கொடுக்காமல் உடனே திருப்பிக் கேளுங்கள். இது மரியாதைக் குறைவாகாது.

முகத்தைப் படிப்பது

2012இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காதில் அடையாளப் பச்சை குத்தப்படும் முயல்களின் முகத்தைப் படம் பிடித்து, வலியை அளக்க ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கண், கன்னம், மூக்கு, மீசை, காது என்று ஐந்து இடம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். வலி கூடக்கூடக் கண் இடுங்கும். உருண்டையாக இருந்த கன்னம் தட்டையாகி முகம் கூர்மையாகத் தெரியும். மூக்குத் துவாரத்தின் வளைவு இறுகிக் கூராகும். தளர்ந்து வளைந்திருந்த மீசை விறைத்து நிற்கும். காது சுருண்டு இறுகிப் பின்பக்கம் முதுகோடு ஒட்டும். தொங்குகாது முயலுக்குக் காதை வைத்துச் சொல்வது கஷ்டம், மற்ற நான்கையும் பாருங்கள்.

இப்போது நீங்கள் முன்பே எடுத்துவைத்த படங்களை எடுங்கள். அருகருகே வைத்துப் பார்த்தால், மதிப்பெண் போடத் தெரியாவிட்டாலும் முகம் மாறியிருப்பது பளிச்சென்று தெரியும். தூங்கும் முயலுக்கும் கண் இடுங்கித்தான் இருக்கும். விழித்திருக்கும்போது பாருங்கள்.

இன்னொரு தந்திரம். நீங்கள் எதிரில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தால் முயல் இன்னும் மறைக்கும். போனை வீடியோவில் போட்டுக் கூண்டருகே சாய்த்து வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் அறையைவிட்டு வெளியே போங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது, வயிற்றைத் தரையோடு அழுத்துவது, முதுகைக் கூனுவது, உடம்பு திடீரென்று சுண்டுவது, எழுந்து இரண்டடி வைத்துத் தள்ளாடுவது, ஒரு பக்கமாகப் படுக்கப்போய் மனம் மாறி எழுந்துவிடுவது எல்லாம் பதிவாகியிருக்கும். ஒன்று இரண்டு தடவை என்றால் சாதாரணம். திரும்பத் திரும்ப வந்தால் மருந்து போதவில்லை என்று அர்த்தம். அந்த வீடியோவை அப்படியே மருத்துவருக்கு அனுப்புங்கள். "ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்று சொல்வதைவிட அது நூறு மடங்கு உதவும்.

பல் சத்தமும் ஒரு தடயம். தடவிக்கொடுக்கும்போது வரும் மெல்லிய கொறிப்புச் சத்தம் சந்தோஷம். யாரும் தொடாதபோதே நறநறவென்று உரக்கப் பல்லைக் கடித்தால் அது வலி.

தின்னவைப்பது

வீட்டுக்கு வந்த சில மணி நேரத்துக்குள் ஏதாவது ஓர் இலையைக் கடிக்க வேண்டும் என்று எதிர்பாருங்கள். கொத்தமல்லி, புதினா, துளசி என்று வாசனை தூக்கலாக இருப்பதை மூக்கருகே நீட்டுங்கள். அறுகம்புல் இன்னும் நல்லது. பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்பவர்களிடம் கட்டுக்கட்டாகக் கிடைக்கும், நன்றாகக் கழுவிவிட்டுக் கொடுங்கள். கிராமப்புறத்தில் இருப்பவர்களுக்கு முயல் மசால் என்ற தீவனச் செடி கிடைக்கலாம். வைக்கோலையும் காய்ந்த புல்லையும் ஒன்றென்று நினைக்காதீர்கள். நெல் வைக்கோலில் சத்து மிகக் குறைவு, நோயாளி முயல் அதை மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். கடையில் வாங்கும் பெல்லட் தீவனத்தை இரண்டு நாளைக்குக் குறைத்துக்கொண்டு புல்லை முன்னுக்கு வையுங்கள்.

தானாகத் தின்னாவிட்டால் ஊட்ட வேண்டும். இதற்கென்றே ஆக்ஸ்போ நிறுவனத்தின் கிரிட்டிக்கல் கேர் என்ற பொடி வருகிறது. கிடைத்தால் ஒரு பாக்கெட் முன்பே வாங்கிவையுங்கள். கிடைக்காவிட்டால் வழக்கமாகத் தின்னும் பெல்லட்டையே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கொத்தமல்லி சேர்த்து மிக்சியில் மைய அரைத்து வடிகட்டுங்கள். இட்லி மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருந்தால் சிரிஞ்சில் அடைக்காது. சத்துமாவு, பால், பிஸ்கட் கூழ் வேண்டவே வேண்டாம். மாவும் சர்க்கரையும் நின்றுபோன குடலில் புளித்து வாயுவாகும்.

ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லி, நாளுக்கு நான்கைந்து வேளை என்பது பொதுக் கணக்கு. குழந்தையைத் துணியில் சுற்றுவது போலத் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய, உங்கள் மடியில் அது நான்கு காலில் உட்கார்ந்தபடியே இருக்கட்டும். மல்லாக்கப் படுக்கவைக்கக் கூடாது, கூழ் மூச்சுக்குழாயில் போகும், தையலும் இழுபடும். முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் பல்லில்லாத ஓர் இடைவெளி இருக்கிறது. சிரிஞ்சின் முனையை அங்கே நுழைத்து அரை மில்லி, ஒரு மில்லியாகத் தள்ளுங்கள். மென்று விழுங்கும் வரை காத்திருங்கள். அவசரப்பட்டால் உங்கள் சட்டைதான் சாப்பிடும். வலிமருந்து கொடுத்து அரை மணி, ஒரு மணி கழித்து ஊட்டினால் முயல் ஒத்துழைக்கும். இந்த வரிசையை மாற்றிச் செய்துதான் நான் முதல் நாள் முழுக்க மல்லுக்கு நின்றேன்.

ஊட்டக் கூடாத நேரமும் உண்டு. வயிறு மேளம் போல் உப்பி இறுகியிருந்தால், அல்லது முயல் துவண்டு சில்லென்று இருந்தால், கூழைத் திணிக்காமல் நேரே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

நோட்டுப் புத்தகம்

ஒரு பக்கத்தில் மூன்று பத்தி: நேரம், உள்ளே போனது, வெளியே வந்தது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை டிரேயிலுள்ள தாளை மாற்றி, புழுக்கையை எண்ணி எழுதுங்கள். முதல் நாள் குறைவாக, சின்னதாக, கோணல்மாணலாக வந்தால் பயப்பட வேண்டாம். இரண்டாம் நாளிலிருந்து எண்ணிக்கையும் அளவும் ஏற வேண்டும். அளவு சிறுத்துக்கொண்டே போனால், முடியால் கோத்த மணிமாலை போல வந்தால், குடல் மந்தமாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முயல் நேராக வாயில் எடுத்துத் தின்னும் இன்னொரு வகைப் புழுக்கை உண்டு, சின்னத் திராட்சைக் கொத்து போல மென்மையாக, பளபளவென்று. அது கீழே கிடந்தால் வயிற்றுப்போக்கு என்று பதறாதீர்கள். வயிறு வலிப்பதால் குனிந்து எடுக்க முடியவில்லை என்பதற்கு அடையாளம் அது. கழுத்தில் பிளாஸ்டிக் கோன் மாட்டினாலும் இதே சிக்கல்தான். அதனால் தையலைக் கடிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் கோனை மாட்டுங்கள், அல்லது பச்சைக்குழந்தைச் சட்டையை அளவாக வெட்டிப் போட்டுவிடுங்கள். விடாமல் தையலையே நக்குவதும் சில சமயம் வலியின் அறிகுறிதான், கோனைத் தேடும் முன் மருந்து நேரத்தைப் பாருங்கள்.

தையல் மேல் எதையும் தடவாதீர்கள். மஞ்சள் அப்புங்கள், வேப்பெண்ணெய் தடவுங்கள், தேங்காயெண்ணெய் வையுங்கள் என்று வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். தடவியது அத்தனையும் நக்கி வயிற்றுக்குள்தான் போகும். காலை மாலை இரண்டு வேளை பார்த்தால் போதும். லேசான வீக்கம் சரி. சிவந்து சூடாக இருந்தால், நீர் கசிந்தால், தையல் பிரிந்தால் காட்டுங்கள்.

உடனே ஓட வேண்டிய நேரம்

12 மணி நேரமாக எதுவும் தின்னவில்லை, அல்லது 12 மணி நேரமாக ஒரு புழுக்கையும் இல்லை. காது சில்லிட்டு முயல் அசையாமல் கிடக்கிறது. வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. ஈறு வெளுத்திருக்கிறது. வயிறு உப்பி இறுகியிருக்கிறது. தையலிலிருந்தோ பிறப்புறுப்பிலிருந்தோ ரத்தம் நிற்காமல் வருகிறது. இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடல்சூடு 38 டிகிரிக்குக் கீழே போன முயலை மீட்பது கடினம். ராத்திரி திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணை ஆபரேஷனுக்கு முன்பே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். குடலை அசைக்கும் மருந்தை இணையத்தில் படித்துவிட்டு நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். குடலில் அடைப்பு இருந்தால் அது ஆபத்து, இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தும் எக்ஸ்ரே எடுத்தும்தான் சொல்ல முடியும்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு

எல்லாம் சரியாகப் போனால் மூன்றாம் நாள் வாக்கில் முகம் பழைய உருண்டைக்குத் திரும்பும், சோபாவுக்கடியில் ஓடும், உங்களைப் பார்த்துக் கோபமாகப் பின்காலைத் தட்டும். அப்போதும் மருந்தை மிச்ச நாள்களுக்குக் கொடுத்து முடியுங்கள். நிறுத்திய மறுநாள் புழுக்கை எண்ணிக்கையைக் கட்டாயம் பாருங்கள். திடீரென்று குறைந்தால் வலி இன்னும் இருக்கிறது, இன்னும் இரண்டு நாள் நீட்டலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மாடிப்படி ஏறுவது, கட்டிலில் தாவுவது எல்லாம் பத்து நாளைக்கு வேண்டாம். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், ஒரு கை பின்பக்கத்தைத் தாங்கி. தையல் பிரிக்கவோ பார்க்கவோ 10 முதல் 14 நாளுக்குள் வரச்சொல்வார்கள்.

ஆண் முயலுக்குச் செய்திருந்தால், ஆறு வாரம் வரை பெண் முயலோடு விடாதீர்கள். ஆபரேஷன் முடிந்தாலும் குழாயில் மிச்சமிருப்பது குட்டி போடவைக்கும்.

கடைசியில் மெலாக்சிகாம் பாட்டிலில் கொஞ்சம் மிஞ்சும். அடுத்த தடவை முயல் சோர்ந்திருக்கும்போது அதையே கொஞ்சம் ஊற்றிவிடலாமே என்று தோன்றும். பாட்டிலில் திறந்த தேதியை எழுதி, தையல் பார்க்கப் போகும்போது நோட்டுப் புத்தகத்தோடு அதையும் எடுத்துப்போய், வைத்துக்கொள்வதா தூக்கிப்போடுவதா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.